கட்டத்தாளில் துடித்த பல்சர்

நம் பள்ளிக் கணித மன்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கு 'லைஃப்' விளையாட்டு என்றதும் கட்டம் போட்ட நோட்டும் புளியங்கொட்டையும்தான் நினைவுக்கு வரும். மயிலாப்பூரிலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பிள்ளைகள், மணி அடித்த பிறகும் அதைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். இன்று வெளிநாடுகளில் இருப்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வசதியாக, அன்று நாம் செய்த முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

கணிதவியலாளர் ஜான் கான்வே வகுத்த இந்த விளையாட்டை, மார்ட்டின் கார்டனர் 1970 அக்டோபரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதியதன் மூலம் உலகம் அறிந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்தின் அண்டையில் இரண்டோ மூன்றோ உயிர் இருந்தால் அது பிழைக்கும், இல்லையேல் சாகும். காலிக் கட்டத்தின் அண்டையில் சரியாக மூன்று இருந்தால் அங்கே புதிதாகப் பிறக்கும். அவ்வளவுதான் விதி.

மூன்று கொட்டையைச் செங்குத்தாக வைத்தால் அடுத்த தலைமுறையில் படுக்கை, அதற்கடுத்து மறுபடி செங்குத்து. இதுதான் பிளிங்கர், இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும் ஆஸிலேட்டர். இங்கேயே பாதிப் பேர் தடுக்கி விழுவார்கள். காரணம், எண்ண எண்ண அழிப்பது. மேல்கட்டத்துக்கு ஒரே அண்டை, ஆகவே சாகும் என்று உடனே கொட்டையை எடுத்துவிட்டால், பக்கத்தில் பிறக்க வேண்டியதற்கு மூன்றுக்குப் பதில் இரண்டே மிஞ்சும். நடுக்கட்டத்துக்கு ஒன்று மட்டும் மிஞ்சி அதுவும் போகும். மேலிருந்து கீழ்வரை ஒரு சுற்று முடிவதற்குள் பலகை முழுக்கக் காலி! எல்லாக் கட்டமும் ஒரே நொடியில் மாற வேண்டும்; பழைய நிலையைப் பார்த்துத்தான் புதியதை எழுத வேண்டும். கணினியில் எழுதுகிறவர்களும் இதற்காகத்தான் பழைய நிலைக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என இரண்டு அணிகள் (array) வைக்கிறார்கள்.

கையால் செய்ய நல்ல வழி இது. சாகப்போகும் கொட்டையின் மேல் இன்னொரு கொட்டையை ஏற்றி வையுங்கள். பிறக்கும் இடத்தில் சோழி வையுங்கள். எண்ணும்போது அடுக்கை உயிர் ஒன்று என்றும், சோழியைச் சுழியம் என்றும் கொள்ள வேண்டும். முழுவதும் சரிபார்த்த பிறகே அடுக்குகளை எடுத்துவிட்டுச் சோழிகளைக் கொட்டையாக மாற்றலாம். உருவத்துக்கு வெளியே ஒரு கட்டம் தள்ளியும் சுற்றிவர எண்ண மறக்காதீர்கள். பிறப்பு பெரும்பாலும் அங்கேதான் தவறிப்போகும்.

அடுத்து நேர்கோடுகள். நான்கு வைத்தால் இரண்டே தலைமுறையில் அசையாத தேன்கூடு. ஐந்து வைத்தால் நான்கு பிளிங்கர்கள். ஆறு முழுக்க அழிந்துவிடும். ஏழு, நான்கு தேன்கூடுகளாகும். பத்து வைத்தால்தான் விருந்து: 15 தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும் பென்டாடெகத்லான். ஆரம்பத்தில் வைத்த அந்தப் பத்துக் கொட்டைக் கோடு மட்டும் திரும்ப வராது. சுழற்சியில் மிகக் குறைந்த நிலைக்கே 12 உயிர் உண்டு. கோடு வரவில்லையே என்று கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் அழகு என் கணக்கில் பல்சர்தான். 13க்கு 13 சதுரத்தில் 1, 6, 8, 13-ஆம் வரிசைகளில் 3, 4, 5, 9, 10, 11-ஆம் கட்டங்களை நிரப்புங்கள். நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி அதையே மறுபடி செய்யுங்கள். மொத்தம் 48. அடுத்த தலைமுறையில் 56, பிறகு 72, பிறகு மீண்டும் அதே 48. நான்கு கால்பகுதியும் ஒன்றுபோல் இருப்பதால் ஒரு கால்பகுதியை மட்டும் எண்ணி மற்றவற்றை நகல் எடுக்கலாம். ஆனால் நடு வரிசையில் கவனம் வேண்டும். 7-ஆம் வரிசையின் 4-ஆம் கட்டத்துக்கு மேலே மூன்று உயிர் என்று பார்த்ததுமே கை சோழியை எடுக்கும். கீழேயும் மூன்று இருக்கிறது. ஆக ஆறு, பிறப்பில்லை.

இன்னொரு இடறல் விளிம்பு. 56 ஆகும்போது ஒவ்வொரு பக்கமும் இரண்டு கட்டங்கள் வெளியே துருத்தும். அப்போது 15க்கு 15 வேண்டும். 13-ஓடு கோடு கிழித்து நிறுத்தினால், அடுத்த தலைமுறையில் விளிம்பில் பிறக்க வேண்டியது பிறக்காது, பிறக்கக் கூடாதது பிறந்துவிடும். அதன்பின் துடிப்பு குலைந்துபோகும்.

எத்தனை எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை திரும்பும் ஆஸிலேட்டர்கள் உண்டு என்ற கேள்வி அன்று கரும்பலகையில் காலிக் கட்டங்களோடு நின்றது. 2, 3, 8, 14, 15 என்று சிலதான் தெரியும். 2013-ல் மைக் பிளேல் கண்ட 'ஸ்நார்க்' என்ற அமைப்பு, கிளைடரை, அதாவது பலகையில் சாய்வாக நகர்ந்து செல்லும் ஐந்து கட்ட உருவத்தை, செங்கோணத்தில் திருப்பிவிடும். நான்கு ஸ்நார்க்குகளுக்கு நடுவே கிளைடர்களைச் சுற்றவிட்டு, அவற்றின் எண்ணிக்கையையும் தூரத்தையும் மாற்றினால் 43 முதல் எந்த எண்ணும் கைவசம். சின்ன எண்கள்தான் அடம் பிடித்தன. கடைசியாக நின்ற 19-ம் 41-ம் 2023-ல் கிடைத்துவிட்டன. இப்போது காலிக் கட்டமே இல்லை. மன்றத்தில் இருந்த ஒவ்வொருவரும் கொண்டாட வேண்டிய செய்தி இது.

விடுமுறைக்குச் சென்னை வந்தால் ரிச்சி தெருவில் 8க்கு 8 எல்.ஈ.டி. மேட்ரிக்ஸ் (விளக்குப் பலகை) நான்கும், அவற்றை இயக்க நிரல் எழுதக்கூடிய சின்ன மின்னணுப் பலகையான அர்டுயினோ ஒன்றும் வாங்கிச் செல்லுங்கள். நான்கையும் சதுரமாகச் சேர்த்தால் 16க்கு 16. பல்சர் கச்சிதமாக அடங்கும். இடது ஓரத்தை வலது ஓரத்தோடு இணைத்து எழுதினாலும் 16-ல் கெடாது, நடுவில் விழும் ஒற்றைக் காலி வரிசையில் யாருக்கும் மூன்று அண்டை சேராது. 15-ல் இணைத்தால் துருத்தும் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுச் சாகாமல் நின்றுவிடும். தலைமுறைக்கு அரை வினாடி இடைவெளி கொடுங்கள். மூன்று நிலைகளும் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும்.