காரில் ஒன்றும் இல்லை

"டிரைவர் ஏதாவது சொன்னானா?" என்று ரேஸ் இன்ஜினியர் கேட்டார்.

"காரில் ஒன்றும் இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். 2001 ஏப்ரல் 27, வெள்ளிக்கிழமை மாலை, அமெரிக்காவின் டெக்ஸாஸ் மோட்டார் ஸ்பீட்வே. CART என்ற கார் பந்தயத் தொடரின் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கான பயிற்சி நாள். அவர் காரைப் பற்றிக் கேட்கவில்லை, டிரைவரைப் பற்றிக் கேட்டார். நான் காரைப் பற்றிப் பதில் சொன்னேன். சொன்னது பொய் இல்லை. கார் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இத்தனை வருடமாக என்னை விடாமல் இருப்பதே அந்தப் பதில் பொய்யாக இல்லை என்பதுதான்.

அதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, பயிற்சி முடிந்து கார் உள்ளே வந்ததும் வழக்கம்போல லேப்டாப்பையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு போனேன். அவன் காரிலிருந்து இறங்கும்போது, தரை எங்கே இருக்கிறதென்று வலது காலால் தேடினான். ஆயிரம் முறை இறங்கியவன். இறங்கியதும் என் தோளைப் பிடித்தான். பாராட்டாகத் தட்டுகிற பிடி இல்லை, உடம்பின் எடை முழுவதும் அந்தக் கையில் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான்: "நேர்ப்பாதைக்கு வந்த பிறகும் வளைவுக்குள்ளேயே இருக்கிற மாதிரி இருக்கு. இப்போகூட நிக்கல." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதை எழுதிடாதே."

ஏன் எழுதக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த வருடத்தோடு அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. தலை சுற்றுகிறது என்று சொன்ன டிரைவர் என்ற பெயரோடு அடுத்த வருடத்துக்கு யாரிடம் போய் நிற்பான்?

கேபிளைச் செருகி டேட்டாவை இறக்கினேன். மூன்று வாரம் முன்பு லாங் பீச் தெருக்களில் ஓடியபோது, உடம்பில் ஏறுகிற விசையைக் காட்டும் ஜி-விசைக் கோடு ரம்பத்தின் பல் மாதிரி ஏறி ஏறி இறங்கியது. இங்கே ஏறினால் ஏறினதுதான், மேசை மாதிரி மேலேயே நின்றது. ஒரு சுற்றுக்கு 22 விநாடி சொச்சம், அதில் கிட்டத்தட்ட 18 விநாடி வளைவுக்குள். வளைவு 24 டிகிரி சாய்ந்திருப்பதால், பக்கவாட்டில் தள்ளுகிற விசையோடு ஆளை இருக்கையில் அழுத்துகிற விசையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் கூட்டினால் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கு மேல். போர் விமானிக்கு ரத்தம் காலில் இறங்காமல் இருக்கத் தனி உடை இருக்கிறது. இவனுக்குப் பெல்ட் மட்டும்தான். சுற்று முடிவதற்குள் உள்காது ஒரு நிலைக்குத் திரும்ப நேரமே கிடைக்காது.

இதெல்லாம் பிறகு யோசித்தது. அந்த நிமிடம் திரையைப் பார்த்து நான் நினைத்தது, 'கார் என்னமாய் ஒட்டுகிறது!' என்றுதான். அந்தக் கோடு எனக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது. அவன் கை இன்னும் என் தோளில் இருந்தது.

என் பக்கத்து நியாயமும் உண்டு. அன்றைக்குத்தான் மௌரிசியோ குகெல்மின் என்ற டிரைவர் சுவரில் மோதினார். முதல் மோதலில் 66 ஜி, அதாவது உடல் எடையைப் போல 66 மடங்கு, சறுக்கிப் போய் மறுபடி மோதியதில் 113 ஜி. உயிர் தப்பினார், போட்டியிலிருந்து விலகினார். எல்லோர் பேச்சும் சுவரைப் பற்றித்தான். தலைசுற்றல் என்பது யாருடைய பட்டியலிலும் இல்லை. அதே தளத்தில் 1997 முதல் இன்னொரு தொடரின் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன, இப்படி ஒரு புகார் வந்ததில்லை. அவற்றைவிட எங்கள் டர்போ என்ஜின்களுக்குச் சக்தி அதிகம். முதலிடத்தில் தகுதி பெற்ற கென்னி பிராக்கின் வேகம் மணிக்கு 375 கிலோமீட்டருக்கு மேல். ஏதோ வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கே அப்படி நினைத்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தொடரின் தலைமை மருத்துவர் ஸ்டீவ் ஓல்வி, டிரைவர்கள் கூட்டத்தில் நேராகக் கேட்டார். 25 பேரில் 21 பேர் ஆமாம் என்றார்கள். அவர் நாசாவில் முன்பு விமான மருத்துவராக இருந்தவரிடமும் ஆலோசனை கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் தொடங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போது ரத்து என்று அறிவித்தார்கள். ஜனங்கள் இருக்கைகளில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆக, நான் சொல்லாததால் எதுவும் கெட்டுப்போகவில்லை. சில வருடம் இப்படிச் சொல்லியே தேற்றிக்கொண்டேன். ஆனால் ஓல்விக்கு அந்தக் கேள்வி தானாக வரவில்லை. இரண்டு டிரைவர்கள் முன்னதாகப் போய் அவரிடம் சொல்லியிருந்தார்கள். யாரோ வாயைத் திறந்ததால்தான் மற்றவர்களுக்கும் வாய் வந்தது. அவர்களும் என் ஆளைப் போலவே தோளைப் பிடித்து "எழுதிடாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால்? அந்தப் பக்கம் நின்றவனும் என்னைப் போல இருந்திருந்தால்?

அந்த செப்டம்பரில் ஜெர்மனியின் லவுசிட்ஸில் டிரைவர் அலெக்ஸ் ஸனார்டி, டயர் மாற்றி எரிபொருள் நிரப்புகிற பிட்டிலிருந்து வெளியே வரும்போது கார் சுழன்று தளத்துக்குள் போய், அலெக்ஸ் டாக்லியானியின் கார் அவர்மேல் மோதி, இரண்டு கால்களும் போயின. அதே ஓல்வியும் இன்னொரு மருத்துவர் டெர்ரி டிராமெலும் உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கும் என் வெள்ளிக்கிழமைக்கும் சம்பந்தமே இல்லை, எனக்கும் தெரியும். அன்று அங்கே கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது மட்டும் டெக்ஸாஸ்தான். அது ஏன் என்று பல முறை யோசித்துவிட்டேன்.

பிறகு வேறு வேலைக்குப் போனேன். அங்கே ஒரு சோதனை ஓட்டுநர் இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று தனியாகச் சொன்னான். இந்த முறை உடனே எழுதிக் கொடுத்தேன். அவனை வண்டியிலிருந்து இறக்கினார்கள். அதற்குப் பிறகு அவன் என்னிடம் வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை, மற்றவர்களும் குறைத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் செய்தேன். ஆனால் அதன் பிறகு யாருக்கு எத்தனை ராத்திரி தூக்கமில்லை என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. டெக்ஸாஸில் அவன் என்னிடம் சொன்னதே, நான் சொல்லமாட்டேன் என்ற நம்பிக்கையில்தானே.

அவன் அந்தக் கூட்டத்தில் 21 பேரில் ஒருவனா, மற்ற நான்கு பேரில் ஒருவனா என்று நான் கேட்கவே இல்லை. 21 பேரில் ஒருவன் என்றால், தன் விஷயத்தைத் தானே சொல்லிக்கொண்டான், என் மௌனம் அவனுக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேரில் ஒருவன் என்றால், அந்த உடம்போடு 600 கிலோமீட்டர் ஓட்டத் தயாராக இருந்தான், அது தெரிந்த ஒரே ஆள் நான்.

டெக்ஸாஸுக்கு அடுத்த வாரம் பென்சில்வேனியாவில் நாசரேத் பந்தயம். ஸ்காட் டிக்ஸன் இருபது வயதில் ஜெயித்தது அங்கேதான். சனிக்கிழமை காலை என் டிரைவர் கையுறையை மாட்டிக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அன்னிக்கு நீ யார்கிட்டயும் சொல்லல, இல்லையா?"

"இல்லை."

இடது கை விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்தான். "சரி" என்றான், காரில் ஏறிக்கொண்டான்.