அலமாரிக்குள் ஹெர்குலஸ்: ஒரு தோக்கியோ நாட்குறிப்பு

2023 மே 14

ஹெர்குலஸ் என்னும் கொம்பு வண்டின் முட்டைப் பெட்டியைக் கவிழ்த்தேன். புதிதாக இட்டவை அரிசி மாதிரி நீளமாக இருந்தன. சில நாள் ஆனவை ஈரத்தை இழுத்து உப்பி உருண்டுவிட்டன. கரண்டியால் எடுத்துச் சின்னக் கப்களில் போட்டாயிற்று.

இவற்றின் தாய் தந்தை இரண்டும் கரீபியன் கடலின் குவாதலூப் தீவு வம்சம், ஆனால் பிறந்தது ஜப்பானில்தான். 1999இல் அயல்நாட்டு வண்டுகளை இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்ததும் இங்கே இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். தென்னங்குருத்தில் கம்பியை விட்டுக் காண்டாமிருக வண்டைக் குத்தி எடுக்கிற ஆள் அவர். "ஏன்டா, அதைக் காசு குடுத்தா வாங்கினே?" என்றார்.

2023 நவம்பர் 5

எல்லாம் மூன்றாம் பருவப் புழுக்கள் ஆகிவிட்டன, புழுவாக இருக்கும் கடைசிப் பருவம் இது. வயிற்றுப் பக்கம், வால் நுனிக்குச் சற்று முன்னால் சின்ன 'வி' போல ஒரு குறி தெரிந்தால் ஆண். ஆண்களுக்குப் பெரிய டப்பா, பெண்களுக்குச் சின்னது. பாரபட்சம்தான், என்ன செய்ய.

2024 ஏப்ரல் 21

தூள் மாற்றும் நாள். குனுகி என்ற ஓக் வகை மரத்தின் தூளில் கோதுமைத் தவிடு கலந்து நொதிக்க வைத்த தூள்தான் சாப்பாடு. முழுவதையும் மாற்றுவதில்லை, பழையதில் கொஞ்சம் சேர்த்தால்தான் புழு அமைதியாகத் தின்னும். பெரியவன் சமையல் தராசில் 112 கிராம். உள்ளங்கை நிறைய ஜில்லென்று கிடக்கிறான். பக்கவாட்டில் வரிசையாக மூச்சுத்துளைகள், முன்னால் பழுப்புத் தலை. தாடையிடம் மட்டும் விரலைக் கொடுக்கக் கூடாது.

வண்டாகிவிட்டால் அதற்கப்புறம் ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. வளர்வதெல்லாம் இந்தப் பருவத்தில்தான். அதனால் வண்டு வளர்க்கிறேன் என்று சொல்வதே பாதிப் பொய். நான் வளர்ப்பது புழு.

2024 ஆகஸ்ட் 11

வெளியே கொதிக்கிறது. புழுக்களுக்கு 22 டிகிரி. கரண்ட் பில்லை மனைவி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள், பேசவில்லை. குளிர்ச்சியில் புழு மெதுவாக முதிரும், கூடுதல் நாள் தின்னும், பெரிதாகும். இதை அவளிடம் விளக்குவது நல்லதில்லை.

2024 நவம்பர் 17

ஆண்கள் மஞ்சளாகிச் சுருங்கத் தொடங்கிவிட்டன. கூட்டுப்புழுவாக மாறுவதற்குப் பெரியவன் டப்பாச் சுவரை ஒட்டியே தன் எச்சத்தால் பூசி அறை கட்டியிருக்கிறான், ஆனால் நீளம் போதாது. அந்த அறையில் விட்டால் கொம்பு முட்டி வளையும். பூக்கடையில் பூ செருகும் பச்சை நுரைக்கட்டி வாங்கி, நனைத்து, ஸ்பூனால் தொட்டி போலக் குடைந்தேன். தலைப்பக்கம் லேசாக மேடு, அடியில் மழமழப்பு. அப்படியே தூக்கி உள்ளே கிடத்தினேன்.

2024 டிசம்பர் 8

அதிகாலை நாலு மணிக்கு எழுந்தது வீண்போகவில்லை. பெரியவன் கூட்டுப்புழு ஆனான். முதுகுத்தோல் வெடித்து, நெளிந்து நெளிந்து பின்னால் வழிந்தது. மடிந்து கிடந்த கொம்பு உடல்நீர் ஏற ஏற உப்பி நீண்டது. வெளுத்த, ஈரமான கொம்பு. ஊதினால் நசுங்கிவிடும் போலிருந்தது. ஆபீஸில் நாள் முழுக்கத் தூக்கம்.

2025 பிப்ரவரி 9

பெரியவன் வண்டாகிவிட்டான். மேலிறக்கை முதலில் வெள்ளை, மாலைக்குள் மஞ்சள். இனி ஈரம் ஏறினால் அது கருக்கும், காய்ந்தால் மறுபடி மஞ்சளாகும். பசி எடுக்கும்வரை தொடக்கூடாது.

2025 ஏப்ரல் 6

வண்டுகளுக்கென்று விற்கிற ஜெல்லியைத் தின்ன ஆரம்பித்துவிட்டான். வெர்னியர் வைத்து அளந்தேன்: கொம்பு நுனியிலிருந்து பின்முனை வரை 148 மி.மீ. அவனைவிட எடை குறைந்த தம்பி 152! எடையெல்லாம் கொம்புக்குப் போகும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. இவனுக்கு உடம்பு அகலம், தம்பிக்குக் கொம்பு. எனக்குப் பிடித்தது இவனைத்தான், ஆனால் அடுத்த தலைமுறைக்குத் தம்பிதான் போவான்.

சிக்கல் என்னவென்றால், பெண்கள் மாதக்கணக்கில் முந்தி வண்டாகி வயதாகிக்கொண்டிருக்கின்றன. ஒன்று மட்டும் இன்னும் துடிப்பாக வாழைப்பழம் தின்கிறது. வரும் சனிக்கிழமை இரண்டையும் சேர்த்து விடலாம். தூள் இரண்டு மூட்டை ஆர்டர் போட்டாயிற்று.