ஒக்கினாவாவும் துணிக் கோட்டாவும்

1969 நவம்பரில் வாஷிங்டனில் சந்தித்த அமெரிக்க அதிபர் நிக்சனும் ஜப்பானியப் பிரதமர் எய்சாகு சாட்டோவும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்த ஒக்கினாவாத் தீவுகளை 1972இல் ஜப்பானிடம் ஒப்படைப்பதென உடன்பட்டனர். அதே வேளையில், அமெரிக்கத் தென் மாநிலத் துணி ஆலைகளுக்குத் தேர்தல் வாக்குறுதி அளித்திருந்த நிக்சன், ஜப்பானியத் துணி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கேட்க, சாட்டோ மறைவாக இசைந்தார். ஆனால் தம் நாட்டு ஆலை முதலாளிகளை அவரால் இணங்கவைக்க முடியவில்லை.

நிக்சனின் சினம் கடுமையானது. 1971 ஜூலையில் ஜப்பானிடம் கலந்து பேசாமலே சீனப் பயணத்தை அறிவித்தார். ஆகஸ்டில் இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரி விதித்தார். நட்பு நாட்டை இப்படி நடத்தியது பெருந்தவறு என்றே கருதுகிறேன். அக்டோபரில் ஜப்பான் பணிந்து, துணி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உடன்பட்டது.

இத்தகைய கட்டுப்பாடுகள் 1974இல் பன்னாட்டு ஒப்பந்தமாக விரிந்து, எங்கள் திருப்பூர்ப் பனியன் ஏற்றுமதியையும் 2004 இறுதிவரை கோட்டா என்ற அளவு வரம்புக்குள் வைத்திருந்தன.