துண்டில் சுற்றி வந்த முயல்குட்டி

மக்காச்சோள அறுவடை தொடங்கிவிட்டால் எங்கள் கால்நடை மருந்தகத்துக்குள் நுழையும் துண்டுகளை நான் கொஞ்சம் கலக்கத்தோடுதான் பார்ப்பேன். ஆட்டுக்குட்டியை யாரும் துண்டில் மூடிக் கொண்டுவருவதில்லை. தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். கோழி என்றால் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும். துண்டைக் குழித்து, இரண்டு கைகளிலும் ஏந்தி, ததும்பும் பாலைக் கொண்டுவருகிறவர்போல ஒருவர் படியேறினால் உள்ளே முயல்குட்டி இருக்கிறது என்று பொருள்.

பெரம்பலூர் மாவட்டத்தில் நான் பணியில் சேர்ந்த முதல் தை மாதத்தில் அப்படி ஒன்று வந்தது. அறுவடை இயந்திரத்துக்கு முன்னால் கிடந்ததாம். ஓடவில்லை, சத்தமும் போடவில்லை, தாயையும் காணவில்லை என்றார் கொண்டுவந்தவர். சிகிச்சைப் பதிவேட்டில் ‘உரிமையாளர் பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் அவர் பெயரை எழுதினேன். “முயலுக்கு நான் எப்படி டாக்டரம்மா சொந்தக்காரன்?” என்று சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எடைபோட்டேன், 110 கிராம். உடம்பு முழுக்க ரோமம், அகலத் திறந்த கண்கள். இரண்டு வாரக் குட்டி என்று முடிவு கட்டினேன். நான் படித்த முயல்கள் எல்லாம் பண்ணை முயல்கள்: சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை. அவை ரோமமில்லாமல், கண் மூடியபடி, தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் போட்ட மெத்தையில் பிறக்கும். கண் திறக்கவே பத்து நாள் ஆகும். ஆனால் நம் வயல்களில் திரியும் கரும்பிடரி முயல் வேறு இனம். பண்ணை முயலுக்கு 44 குரோமோசோம்கள், இதன் இனத்துக்கு 48. இது வளை தோண்டாது. புல்லை அழுத்திய சிறு பள்ளத்தில், வெட்டவெளியில் ஈனும். ஆகவே குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். என் கையில் இருந்தது பிறந்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஆன குட்டி. நான் அதற்குக் கொத்தமல்லித்தழையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

பசும்பாலும் கொடுத்தேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, அலாரம் வைத்து. முயல்பாலில் உள்ள கொழுப்பு பசும்பாலில் இருப்பதைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாது. தண்ணீரான பாலை அடிக்கடி ஊற்றினால் குட்டிக்குச் சத்து சேராது, வயிறுதான் ஊதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக வந்து தடவிப் பார்த்தார்கள். நான் தடுக்கவில்லை, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் இரவு பால் கொடுக்கும்போது மூக்கில் குமிழி வந்தது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடுகிற பிராணி. பால் நுரையீரலுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் விடிவதற்குள் முடிந்துவிட்டது.

மருந்தகத்தின் உதவியாளர் அண்ணன் வேப்பமரத்தடியில் குழி தோண்டினார். “அதன் அம்மா நேற்று அந்தியிலும் அங்கே வந்து தேடியிருக்கும்” என்றார், குற்றம் சொல்லும் தொனி இல்லாமல். அவர் சிறுவயதில் வலை கட்டி முயல் பிடித்தவர். தாய் பகலில் குட்டியின் பக்கமே வராது, பொழுது இறங்கியபின் ஒரே முறை வந்து சில நிமிடங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும் என்பதை அவரிடம்தான் முதலில் கேட்டேன். பிறகு புத்தகங்களிலும் அதையே படித்தேன். தாய் கூடவே இருந்தால் அதன் வாடை நரியைக் கூட்டிவரும். குட்டிக்கு வாடை குறைவு, அசையாமல் கிடப்பதே அதன் பாதுகாப்பு. நாம் அதை அநாதை என்று அள்ளிக்கொண்டு வருகிறோம்.

உண்மையிலேயே தாய் செத்த குட்டிகளும் வரும். நாய் குதறிய தாயையும் சேர்த்தே கொண்டுவந்து காட்டுவார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயலை வீட்டில் வைத்து வளர்க்க முடியாது. வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் வரும்வரை நம் பொறுப்பு. முதலில் குட்டியின் குளிர் போக வேண்டும். சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காது. பிறகு ஆட்டுப்பால், ஒரு மில்லி சிரிஞ்சில், குட்டியை நிமிர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக. ஈரப்பஞ்சால் பின்புறத்தைத் துடைத்துவிட வேண்டும். இருட்டான அட்டைப்பெட்டி வேண்டும், வேடிக்கை பார்க்க யாரும் வரக்கூடாது. காயம் இருக்கிறதே என்று வாய்வழியாக அமாக்சிசிலின் கொடுத்துவிடக்கூடாது. அது குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடும். இவ்வளவு பார்த்தும், நாங்கள் அப்படிக் காப்பாற்ற முயன்ற மூன்றில் ஒன்றுதான் புல் கடிக்கும் வயதை எட்டியது. (அதற்குச் செலவான பஞ்சுக்கு உரிமையாளர் யார் என்று தணிக்கையில் கேட்டார்கள் என்பது தனிக்கதை.)

போன ஆண்டு ஒரு பாட்டி வந்தார். துண்டு இல்லை, முந்தானை. இந்த முறை பதிவேட்டைத் திறக்காமல் கேள்விகளைத்தான் எடுத்தேன். எங்கே கிடந்தது, எப்போது எடுத்தீர்கள், நாய் கவ்வியதா? காயம் இல்லை, ஈ மொய்க்கவில்லை, உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. வயிறு உருண்டிருந்தது. முந்தைய நாள் அந்தியில் பால் குடித்த வயிறு.

“இதற்குத் தாய் இருக்கிறது, பாட்டி.”

“செத்துப்போயிற்று அம்மா. நான் காலையிலிருந்து பார்க்கிறேனே.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார் பாட்டி. கடைசியில் வேறொரு தயக்கம் வெளியே வந்தது: “மனிதக் கை பட்டதைத் தாய் சேர்க்குமா?” பெரும்பாலும் சேர்க்கும் என்றேன். அவர் பேரனின் பைக்குக்குப் பின்னால் என் ஸ்கூட்டரில் நானும் போனேன். சோளம் அறுத்து வயல் மொட்டையாகக் கிடந்தது. எடுத்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, அறுபடாத வரப்புப் புல்லில் குட்டியை வைத்தோம். களத்து நாயைக் கட்டிப்போடச் சொன்னேன். பாட்டி அங்கேயே உட்கார்ந்து காவல் இருப்பதாகச் சொன்னார். நீங்கள் இருந்தால் அது வராது என்று கிளப்பிக்கொண்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் போன் வந்தது.

“இடத்தில் இல்லை, டாக்டரம்மா. புல் மட்டும் அழுந்திக் கிடக்கிறது.”

“ரத்தம் ஏதாவது?”

“ஒரு சொட்டு இல்லை. தாய் கூட்டிக்கொண்டு போய்விட்டது” என்றார். குரலில் அப்படியொரு நிறைவு. குட்டிகள் பால் குடித்தபின் இடம் மாறிப் படுப்பது வழக்கம்தான் என்றேன். அவ்வளவு சிறியதை நரி கவ்வினாலும் ரத்தம் சிந்தாது என்பதை நான் சொல்லவில்லை.