தேவகோட்டையிலிருந்து ஓரியூருக்கு

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் பழனிக்குப் புறப்படும் காலத்தை ஒட்டியே எங்கள் நடைப்பயணமும் வருகிறது. அவர்கள் மேற்கே போகிறார்கள். நாங்கள் கிழக்கே, ஓரியூருக்கு. பிப்ரவரி 4, புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டப்பட்ட நாள். பக்திக்காக நடப்பவர்களைச் செட்டிநாட்டில் யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. எங்கள் முன்னால் போன சிலுவையைப் பார்த்ததும் தேவகோட்டையில் ஓர் ஆச்சி முகப்புத் திண்ணையிலிருந்து எழுந்து கைகூப்பினார்.

திருவாடானைச் சாலையில் வெயில் ஏறியபோது, கூட வந்த அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, நடந்தால்தான் கடவுள் தருவாரா?" கல்லூரியில் படிக்கும் பெண். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அருளானந்தரின் கதையைச் சொன்னேன்.

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. 1647-இல் போர்ச்சுகலின் லிஸ்பனில் பிறந்து, சிறுவனாக அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்தவர். கடும் நோயில் விழுந்தபோது அவருடைய தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். ஆக, அந்த வாழ்வும் நேர்ச்சையில்தான் தொடங்கியது. இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து 1673-இல் இந்தியாவுக்கு வந்தார். காவி உடுத்தி, புலால் விலக்கி, பண்டாரசுவாமி என்ற துறவிக் கோலத்தில், சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் அலைந்தார். 1686-இல் பிடிபட்டுக் கடும் சித்திரவதை அனுபவித்தார். சாவிலிருந்து தப்பி, பிறகு சபைப் பணியாக லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். அரசராகிவிட்ட பழைய தோழர், தம் மகனுக்கு ஆசிரியராக லிஸ்பனிலேயே இருந்துவிடும்படி கேட்டார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். மரியாதை, பாதுகாப்பு, பெற்ற தாய் எல்லாம் அங்கே இருந்தன. நரக பயம் அவரைத் திருப்பி அனுப்பியிருக்க முடியாது. லிஸ்பனில் இருந்துகொண்டே நல்ல குருவாக வாழ்ந்திருக்கலாம். இலாபமும் இல்லை, இங்கே என்ன காத்திருக்கிறது என்று அவர் உடம்புக்கே தெரியும். இருந்தும் 1690-இல் திரும்பி வந்தார். அவரிடம் திருமுழுக்குப் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவெடுத்தார். விலக்கப்பட்ட மற்ற மனைவியரில் ஒருவர் அரசர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தக் கோபம் 1693-இல் அருளானந்தரை ஓரியூரின் பாம்பாற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. நற்பண்பே குற்றமாகும்போது துன்பம் மகிமையாகிறது என்ற பொருளில் சிறையிலிருந்து எழுதினார். அவர் இரத்தம் சிந்திய இடத்து மண் செம்மண். எல்லா மதத்தவரும் அதை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மாலையில் கோயில் வளாகம் முழுவதும் கூட்டம். மெழுகுவர்த்திப் புகைக்கு நடுவே ஒரு கிராமத்து அப்பத்தா முழந்தாளிட்டு இருந்தார். அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தவள் என் அண்ணன் மகள். மகனின் உயிருக்காக நேர்ந்துகொண்டு ஒரு காலத்தில் இங்கே வந்தாராம். மகன் பிழைக்கவில்லை. "பிறகும் ஏன் வருகிறீர்கள் அப்பத்தா?" என்று அவள் கேட்டாள். "அவன் செத்துப்போன வருடம் அழுவதற்கு எனக்கு வேறு இடம் தெரியவில்லை, ஆத்தா. வந்தேன். அவர் என் கூட இருந்தார். அதை எப்படி மறப்பது?"

நடந்தால் வேலை கிடைக்கும், காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று பேசும் பிரசங்கங்களைக் கேட்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கேட்பது தவறில்லை, இயேசுவே கேட்கச் சொன்னார். ஆனால் கேட்டது கிடைக்காத பிறகும் ஒருவரை முழந்தாளில் நிறுத்துவது எது? பவுல் உரோமையருக்கு எழுதிய மடலில் பதினொரு அதிகாரங்களுக்குக் கடவுள் நமக்குச் செய்ததையே விரித்துச் சொல்கிறார். பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார் என்கிறார். பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான், அந்த இரக்கத்தை முன்னிட்டு உங்களையே உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று வேண்டுகிறார். கடவுள் முதலில் அன்பு செய்துவிட்டார். செபமும் நோன்பும் நடைப்பயணமும் அதற்கு நாம் சொல்லும் பதில். விலை கொடுத்து எதையும் வாங்குவதற்காக அல்ல.

திரும்பும்போது பஸ் பிடித்துச் சருகணிக்குப் போனோம். பிரான்சிலிருந்து வந்து, இந்த வறண்ட சீமையில் ஊருணிகள் வெட்ட வைத்த லூயி லெவே அடிகளாரின் கல்லறை அங்கே இருக்கிறது. புனிதர் பட்டத்துக்கான முதல் படியாக 'இறை ஊழியர்' என்று திருச்சபை அழைப்பவர். 1973-இல் இறந்தவர். அவரை நேரில் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் குரல் மாறுகிறது. கல்லறையில் அண்ணன் மகள் நெடுநேரம் இருந்தாள். எதற்காக வேண்டினாய் என்று நான் கேட்கவில்லை. வரும் கோடையில் எங்கள் ஊர் ஊருணியைத் தூர்வார இளைஞர்களைச் சேர்க்கிறார்கள். வீடு திரும்பிய அன்றே அவள் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.