பேரேட்டைச் சுமந்து வந்தவர்

எங்கள் கிராமத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராகக் கால் நூற்றாண்டு காலம் பணியாற்றிய பெரியவர் இவ்வருடப் பொதுச்சபைக் கூட்டத்தோடு தமது பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். ஒக்டோபர் மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை 1948ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் கடன் சங்கங்களின் நாளாகக் கொண்டாடப்பட்டு வருவதாலும், ஐக்கிய நாடுகள் சபை 2025ஐச் சர்வதேச கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருப்பதாலும், வருகின்ற 16ஆம் திகதியன்று அவருக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று நிர்வாகசபை தீர்மானித்திருக்கிறது. பாராட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார்கள். எழுத அமர்ந்தபோது முதலில் வந்து விழுந்தவை ‘அரும்பணி’, ‘தன்னலமற்ற சேவை’, ‘அயராத உழைப்பு’ என்ற சொற்களே. அவை எந்த மேடையிலும் எவருக்கும் பொருந்தக்கூடியவை. அவர் எதைச் செய்தார், எப்படிச் செய்தார் என்பதைச் சொல்லாமல் பொன்னாடை போர்த்துவது அவருக்குரிய மரியாதை ஆகாது என்று தோன்றியதால், மேடைக்குரிய பத்து நிமிடங்களுக்குள் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் ஊர் எங்களுடையது. மாரி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்கும்போது விதைநெல்லுக்கும் உழவுகூலிக்கும் உரத்துக்கும் ஒரே நேரத்தில் காசு தேவைப்படும். அந்தக் காசு திரும்பி வருவது மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான். இந்த நான்கைந்து மாத இடைவெளியில்தான் விவசாயி தன் காணியையும் மனைவியின் நகையையும் இழக்கிறான். உறுப்பினர்கள் மாதந்தோறும் சேமிக்கும் சிறு தொகைகளை ஒன்றுதிரட்டி, அதே உறுப்பினர்களுக்கு இரண்டு பிணையாளர்களின் கையொப்பத்துடன் கடனாகக் கொடுத்து, அறுவடையோடு திரும்பப் பெறுவதே சங்கத்தின் வேலை. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் பொதுச்சபையில் ஒரு வாக்குத்தான். அரசாங்கம் தந்த காசோ வெளிநாட்டு நன்கொடையோ அங்கே இல்லை. கடன் வாங்குகிறவர் கையில் பெறுவது பக்கத்து வளவுக்காரரின் சேமிப்பு. இதை மறவாமல் இருப்பதும் மற்றவர்களை மறக்கவிடாமல் வைத்திருப்பதுமே ஒரு செயலாளரின் தலையாய பணி என்பதை நான் அவரிடமிருந்துதான் அறிந்துகொண்டேன்.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர் சங்கக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு உறுப்பினர் பேரேட்டையும் காசேட்டையும் கூட்டறிக்கைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். யூரியா உரப்பையின் உள்ளே வரும் பொலித்தீன் உறையில் அவற்றைச் சுற்றி, சைக்கிள் ரியூப்பை வெட்டிய நாடாவால் இறுகக் கட்டியிருந்தார். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று நகர்ந்து, இரணைப்பாலை வழியாக மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போய்ச் சேர்ந்த அந்தப் பாதையில் எல்லோரும் சட்டி பானைகளையும் உடுபுடவைகளையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டே போனோம். அவருடைய வீட்டில் கடைசிவரை விடாமல் வைத்திருந்தது அந்தக் கட்டைத்தான். வயதான தாயாரைத் தாங்கிக்கொண்டு அவர் நடந்ததால், பெரும்பாலான தூரம் அதைச் சுமந்தவர் அவருடைய மனைவி. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் எங்கள் கூடாரத்துக்கு மூன்று கூடாரம் தள்ளி அவர்கள் இருந்தார்கள். ஒரு வெயில் நாளில் அவர் அந்தப் பொலித்தீனைப் பிரித்து, ஈரம் ஏறியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காயவைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஓரங்களில் நீல மை கரைந்து பரவியிருந்தது. ஆனால் எண்கள் தெளிவாக இருந்தன.

2010இல் மீளக்குடியமர்ந்தபோது சங்கக் கட்டடத்துக்குக் கூரை இல்லை. முன்னால் நின்ற பாலைமரத்தின் கீழ் ஒரு வாங்கையும் மேசையையும் போட்டுக்கொண்டு, உறுப்பினர்களை ஒவ்வொருவராக அழைத்து அவரவர் கணக்கை அவர் காட்டினார். அன்று அங்கே வரிசையில் நின்ற எவரிடமும் சேமிப்புப் புத்தகம் இருக்கவில்லை. தனக்கு எவ்வளவு இருந்தது என்பதையே பலர் மறந்திருந்தார்கள். என்னுடைய பக்கத்தைக் காட்டும்போது எதிர்ப்பக்கத்தை ஒரு கொப்பி மட்டையால் மறைத்திருந்தார். அடுத்த பக்கத்தில் இருப்பவரின் கணக்கு என் கண்ணில் படக்கூடாது என்பதில், அத்தனை அழிவுக்குப் பிறகும் அவர் கவனமாக இருந்தார்.

வராத உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பக்கங்களில் பின்னுரித்தாளி, அதாவது உறுப்பினருக்குப் பின் பணத்துக்கு உரியவர், என்று குறிக்கப்பட்டிருந்த பெயர்களை எடுத்து, அவர்களைத் தேடி ஊர் ஊராகச் சைக்கிளில் போனார். என் அயலில் இருந்த ஒரு வயோதிபத் தாயிடம் அவருடைய மகனின் சேமிப்பு மூவாயிரத்துச் சொச்சம் ரூபாவைக் கொடுத்தபோது, அந்தத் தாய் அதை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பேரனின் பெயரில் சிறுவர் கணக்கொன்று தொடங்கும்படி திருப்பிக் கொடுத்துவிட்டார். மீளக்குடியமர்ந்த எங்கள் சங்கத்தில் தொடங்கப்பட்ட முதல் கணக்கு அதுதான்.

அதைவிடக் கடினமான வேலை அதன் பிறகு வந்தது. 2008 காலபோகத்துக்குக் கடன் வாங்கியவர்கள் எவரும் அந்த நெல்லை வெட்டவில்லை. அனைத்தையும் தள்ளுபடி செய்யவேண்டும் என்று பொதுச்சபையில் பலர் கேட்டார்கள். அவர்களுடைய கோரிக்கையில் நியாயம் இருந்தது. கடன்பட்டிருந்த என் தகப்பனாரும் அவர்களில் ஒருவர். செயலாளர் எல்லோரும் பேசி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, “தள்ளுபடி செய்யலாம். ஆனால் ஆரின்ர காசைத் தள்ளுபடி செய்யிறம் எண்டு ஒருக்கா யோசியுங்கோ” என்று மட்டும் சொன்னார். அந்தக் காசு, சற்று முன்னர் சொன்ன தாயைப் போன்றவர்களின் சேமிப்பு. இடம்பெயர்ந்த நாளிலிருந்து மீளக்குடியமர்ந்த நாள்வரைக்கும் வட்டி அறவிடுவதில்லை, முதலை மட்டும் அடுத்து வரும் நல்ல போகங்களில் தவணையாகச் செலுத்துவது என்று அன்று தீர்மானம் எழுதப்பட்டது. முடிந்தவர்கள் கட்டினார்கள், முடியாத சில குடும்பங்களுக்காகப் பிணையாளர்கள் பகிர்ந்து கட்டினார்கள். அந்தத் தீர்மானத்தால்தான் எங்கள் சங்கம் இன்றும் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கூட்டுறவுக் கடனின் வரலாற்றைப் பின்னர் தேடி வாசித்தபோது, எங்கள் ஊரில் நடந்தது வேறொரு நாட்டில் வேறொரு பஞ்சத்தில் முன்னமே நடந்திருப்பதைக் கண்டேன். ஜேர்மனியில் வையர்புஷ் என்ற சிற்றூரின் நகரபிதாவாக இருந்த பிரீட்றிக் வில்ஹெல்ம் றைபைசன், 1846-47 குளிர்காலப் பஞ்சத்தில் வசதி படைத்தவர்களிடம் பணம் திரட்டி, மா வாங்கி, பாண் சுட்டு ஏழைகளுக்குக் கிடைக்கச் செய்தார். அது உயிர்களைக் காத்தது. ஆயினும் செல்வந்தரின் இரக்கத்தில் தங்கியிருக்கும் உதவி நிலைக்காது என்பதை அடுத்த பதினைந்து ஆண்டு அனுபவத்தில் உணர்ந்து, கடன் பெறுகிறவர்களே உறுப்பினர்களாகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்கும் கடன் சங்கத்தை 1864இல் ஹெடெஸ்டோர்வில் அமைத்தார். கண்பார்வை ஏறக்குறைய முற்றாக மங்கிய நிலையிலும் 1888இல் இறக்கும்வரை அவர் அந்தப் பணியை விடவில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் எங்களுக்கும் ஆடு, கோழி, தண்ணீர்ப் பம்பி என்று பலர் கொண்டுவந்து தந்தார்கள். அவர்களுக்கு நன்றியுடையோம். அவர்களின் திட்டக்காலம் முடிந்து வாகனங்கள் திரும்பிப் போன பிறகும் பாலைமரத்தின் கீழ் அந்த மேசை இருந்தது.

றைபைசனின் வழி கடல் கடந்து எங்கள் பக்கத்துக்கும் வந்தது. சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகளை எப்படி அமைக்கலாம் என்று ஆராய்ந்த பிரெடெரிக் நிக்கல்சன் 1890களில் கொடுத்த அறிக்கையும், இந்தியாவின் 1904ஆம் ஆண்டுச் சட்டமும், இலங்கையின் 1911ஆம் ஆண்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் கட்டளைச் சட்டமும் அந்தத் தொடர்ச்சியில் வந்தவையே. அமெரிக்காவின் பொஸ்ரன் நகர வணிகரான எட்வேட் பிலீன், 1907இல் இந்தியாவில் இத்தகைய கிராமச் சங்கங்களைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போய், தம் நாட்டில் கடன் சங்கங்களை வளர்ப்பதற்குத் தம் செல்வத்தில் பெரும் பகுதியைச் செலவிட்டார் என்பதை வாசித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இலங்கையில் சோர்ந்து கிடந்த சங்கங்களை 1978 முதல் கேகாலையிலிருந்து மீண்டும் எழுப்பிய பி. ஏ. கிரிவந்தெனியவும் இங்கே நினைக்கப்படவேண்டியவர்.

யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்தை அறியாத தமிழர் இல்லை. 1974 ஜனவரி 10ஆம் திகதி உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிர்கள் பறிபோன துயரத்தோடு அந்தப் பெயர் எங்கள் மனங்களில் பதிந்துவிட்டது. ஆனால் அந்த வீரசிங்கம் யார் என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் பின்னர் வட்டுக்கோட்டைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த அவர், வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தைக் கட்டியெழுப்பிய முன்னோடி. அதற்காகவே அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஒரு மண்டபத்துக்குப் பெயர் வைத்தும் மனிதரை மறந்துவிட முடியும் என்றால், எங்கள் செயலாளருக்கு ஒரு நினைவுக் கேடயம் மட்டும் கொடுப்பதில் எனக்கு ஏன் மனநிறைவு வரவில்லை என்பது விளங்கும்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஆசிரியப் பணி கிடைப்பதற்கு முன்னர் நான் வீட்டில் தையல் வேலை செய்துவந்தேன். 2015இல் இரண்டு தையல் இயந்திரங்களும் ஓவர்லொக் இயந்திரம் ஒன்றும் வாங்குவதற்கு ஒரு இலட்சம் ரூபா கேட்டுச் சங்கத்துக்கு விண்ணப்பித்தேன். அவர் விண்ணப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, மாதத்துக்கு எத்தனை சட்டை தைக்கிறேன், யார் யார் ஓடர் கொடுக்கிறார்கள், பாடசாலைச் சீருடைக் காலம் முடிந்தால் என்ன செய்வேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, “பிள்ளை, உனக்கு இப்ப ஒரு மெசின் காணும். ரெண்டாவதை இந்த மெசின் உழைச்சுத் தரட்டும்” என்று சொல்லி நாற்பதாயிரத்துக்கு மட்டும் நிர்வாகசபையில் சிபாரிசு செய்தார். எனக்குக் கோபம் வந்தது. கிளிநொச்சி நகரில் அப்போது வீதிக்கு வீதி திறக்கப்பட்டிருந்த கடன் நிறுவனங்களில் ஒன்றுக்குப் போனேன். இரண்டு நாட்களில் முழுத் தொகையும் கையில் கிடைத்தது. ஓடரைப் பற்றி அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

கிழமைக்கு ஒரு தவணை. மோட்டார் சைக்கிளில் வரும் உத்தியோகத்தர் எங்கள் குழுவில் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் இருப்பார். ஒருத்தியின் காசு குறைந்தால் மற்றவர்கள் எவரும் எழும்பிப் போகமுடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை என் தவணைக்காக நான்கு பெண்கள் பிற்பகல்வரை காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. அந்த வெட்கத்தை இப்போதும் நினைக்க முடியவில்லை. அடுத்த மாதம் ஓவர்லொக்கை விற்றேன். இந்தக் கடன்களால் வன்னியிலும் வேறு பகுதிகளிலும் பெண்கள் பட்ட பாடு எவ்வளவு பெரியது என்பதற்கு, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதென்று 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது சான்று. நான் மீண்டும் சங்கத்துக்குப் போனபோது அவர் ஒரு வார்த்தையும் குத்திப் பேசவில்லை. பழைய விண்ணப்பத்தை எடுத்து, மிச்சக் கடனைத் தீர்ப்பதற்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

கடன் கொடுப்பவரை எல்லோரும் வாழ்த்துவார்கள். கேட்டவருக்குத் தாங்காத கடனை, அவர் சொந்தக்காரராக இருந்தாலும், மறுத்துவிட்டு அடுத்த நாள் அதே ஊர்க் கோயிலில் அவருக்கு முகம் கொடுக்கும் துணிவுதான் இந்தப் பணியில் மிக அரியது. அவர் தம் சொந்த மருமகனின் விண்ணப்பத்தை நிர்வாகசபைக்கு வைத்துவிட்டு வெளியே போய் நின்றார் என்று பழைய பொருளாளர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நிர்வாகசபை அதை நிராகரித்தது. இரண்டு வருடம் அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து இருக்கவில்லை.

அவருடைய மனைவியையும் மேடைக்கு அழைக்கவேண்டும் என்று நான் வற்புறுத்தியிருக்கிறேன். கனடாவின் லெவி நகரில் அல்போன்ஸ் டெஜார்டன் 1900இல் தொடங்கிய மக்கள் சேமிப்புச் சங்கம் ஆரம்பத்தில் இயங்கியது அவருடைய வீட்டில்தான். 1901 ஜனவரியில் அங்கே வைப்பிலிடப்பட்ட முதல் தொகை 10 சதம். அவர் நாடாளுமன்றச் சுருக்கெழுத்தாளராக ஒட்டாவாவில் இருந்த மாதங்களில் பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு கணக்குகளைப் பார்த்தவர் அவருடைய மனைவி டோரிமென். எங்கள் சங்கத்துக்கும் கட்டடம் திருத்தப்படும்வரை செயலாளர் வீட்டு விறாந்தையே காரியாலயமாக இருந்தது. அவர் வயலில் நிற்கும் நேரத்தில் சந்தா கட்டவந்தவர்களுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தது அவர் மனைவிதான். கூட்டறிக்கைப் புத்தகத்தில் அந்த அம்மாவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பாராட்டுரையில் இருக்கும்.

விழாவில் அந்தப் பழைய பேரேட்டை எல்லோரும் பார்க்கும்படி வைக்க அனுமதி கேட்டு நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, அலுமாரியிலிருந்து அதை எடுத்துவந்து என் கையில் தந்தார். அதே பொலித்தீன் உறை, அதே ரியூப் நாடா. “மேசையில வையுங்கோ பிள்ளை, ஆனால் கட்டை அவிழ்க்கக்கூடாது. உள்ளுக்க சனத்தின்ர கணக்கு இருக்கு” என்றார்.