அப்பாவின் ரிக்‌ஷாவுக்கு கியர் போட்ட கதை

அப்பாவுக்கு 63 வயது. சென்னை சவுகார்பேட்டையில் இன்னமும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறார். காலையில் தங்கசாலை ஏகாம்பரேஸ்வரர் கோயிலுக்குப் போகும் வாடிக்கைப் பாட்டிகள் இரண்டு பேர், அப்புறம் கடைகளுக்குத் துணி மூட்டை. நிறுத்தச் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. தாத்தா கை ரிக்‌ஷா இழுத்தவர், 1973-ல் கை ரிக்‌ஷாவை ஒழித்த பிறகுதான் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு வந்தார். "உங்க தாத்தா ஓடினாருடா, நான் உக்காந்துதானே மிதிக்கிறேன்" என்பார் அப்பா. சரி, அந்த மிதியையாவது லேசாக்கலாம் என்று இறங்கினேன்.

வண்டியில் பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின் பல்சக்கரத்தில் 22 பல். ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால், சக்கரம் இரண்டு சுற்று, 28 இன்ச் சக்கரம் என்பதால் கிட்டத்தட்ட 4.5 மீட்டர் போகும். சமதளத்துக்கு இது போதும், ஆனால் ஆள் ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் ஏறும்போது பாதியில் இறங்கித் தள்ளவேண்டி வரும். பாரிமுனைப் பக்கம் ஒரு சைக்கிள் பார்ட்ஸ் கடையில் 14-லிருந்து 28 பல் வரை ஏழு அடுக்கு ஃப்ரீவீலும் (பின் பல்சக்கரம்), செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டீரெய்லரும் வாங்கினேன். பழைய ஃப்ரீவீலைக் கழற்றிய மரையிலேயே புதியது உட்கார்ந்துவிட்டது. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

செயினைப் போட்டு மிதித்தால் 'டக் டக்' என்று முன்பல் மேலேயே ஏறி நிற்கிறது. ஏழு கியர் செயின் ஒல்லி, ரிக்‌ஷாவின் பழைய செயின்வீல் (முன் பல்சக்கரம்) தடிமன், பல் உள்ளே இறங்கவே இல்லை. தடிமன் செயினே இருக்கட்டும் என்றால் அது பின்னால் அடுக்குகளில் உரசுகிறது. கடைசியில் முன்னால் 36 பல் ஒல்லி செயின்வீல் மாற்றினோம். ஒரு சைக்கிள் செயின் நீளம் ரிக்‌ஷாவுக்குப் பற்றாது, இரண்டை ஒட்டித்தான் போடவேண்டும். இப்போது கீழ் கியரில், அதாவது பின்னால் 28 பல்லில், ஒரு மிதிக்கு 2.9 மீட்டர்தான், தூரம் குறைந்த அளவுக்கு மிதி லேசு. பாட்டிகளோடு பாலத்தில் உட்கார்ந்தபடியே ஏறிவிட்டார். ஒரே சிக்கல், டீரெய்லரில் வண்டி நின்றிருக்கும்போது கியர் மாறாது. சிக்னலுக்கு முன்பே மிதித்துக்கொண்டே இறக்கிவிட வேண்டும். இது பழக அப்பாவுக்கு ஒரு மாசம் ஆனது. சக்கரக் குடத்துக்குள்ளேயே இருக்கும் மூன்று கியர் செட் என்றால் நின்றபடியே மாற்றலாம், அது எங்கள் பட்ஜெட்டுக்குள் வரவில்லை.

பாலத்தில் ஏறினவர் இறங்க வேண்டாமா? முன்பு இறக்கத்திலும் கையில் பிடித்து நடந்துதான் வருவார், இப்போது சீட்டிலேயே உட்கார்ந்து வருகிறார். வண்டி, அப்பா, இரண்டு பாட்டிகள் எல்லாம் சேர்ந்தால் கால் டன் இருக்கும். அதை நிறுத்த முன்சக்கரத்து ரிம்மைக் கவ்வும் இரண்டு ரப்பர் கட்டை மட்டும். அன்றைக்குச் செருப்புக் காலை முன் டயரில் தேய்த்து நிறுத்தியிருக்கிறார். ரிம் நனைந்திருந்தால் கட்டை பிடிக்கவே பிடிக்காது, நல்லவேளை அன்றைக்கு மழை இல்லை. பிரேக்கைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும், நான் தலைகீழாகச் செய்துவிட்டேன்.

புதுப்பேட்டைக்குப் போய் பழைய மொபெட்டின் டிரம் பிரேக் ஒன்று எடுத்து வந்து, லேத்தில் கடைந்து பின் இருசில் (ஆக்சில்) மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, காலித் தெரு, பின்னால் நான். அப்பா பிரேக்கை அழுத்தினதும் வண்டி வலது பக்கம் திரும்பி டீக்கடை பெஞ்சை நோக்கிப் போனது. ரிக்‌ஷாவில் ஒரு பின்சக்கரம்தான் இருசோடு இறுகியிருக்கும், மற்றது சும்மா சுற்றும், இல்லாவிட்டால் திருப்பத்தில் வண்டி வளையாது. இருசைப் பிடித்தால் ஒரு சக்கரம் மட்டும்தானே நிற்கும்! இது தெரிந்தும் யோசிக்காமல் செய்தேன்.

இன்னொரு டிரம் வாங்கி இரண்டு சக்கரத்திலும் தனித்தனியாகப் பொருத்தினோம். டிரம்முக்குள் பிரேக் கட்டைகளைத் தாங்கும் பிளேட்டை ஃபிரேமில் ஒரே போல்டில் நிறுத்தியது அடுத்த தப்பு. அழுத்தினதும் போல்ட் முறிந்து, பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளை உருவிக்கொண்டு போய்விட்டது. இப்போது அரை அடி இரும்புப் பட்டை ஒன்று பிளேட்டை ஃபிரேமோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. ஒரே லீவர் இரண்டு கேபிளையும் சமமாக இழுக்கணுமே என்று குழம்பியபோது லேத் அண்ணன் சொன்னார், "நுகத்தடி மாதிரி போடு தம்பி." அதேதான். நடுவில் ஒரு கம்பி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கேபிள், மையத்தில் லீவர் கேபிள். ஒரு பக்கம் தளர்ந்தால் கம்பி சாய்ந்து தானே ஈடுகட்டிக்கொள்கிறது. வண்டி இப்போது நேராக நிற்கிறது.

மொத்தம் 9,400 ரூபாய், அதில் பாதிக்கு மேல் பிரேக்குக்கு. பாட்டிகள் ஏறும்போது வண்டி உருளாமல் இருக்க, பழைய டியூபில் வெட்டிய வளையத்தை லீவரில் மாட்டிவிடுகிறோம். முன்பு சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைப்பார். அந்தச் செங்கல் இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது, எடுக்க விடமாட்டேன் என்கிறார்.